வெள்ளெலிப்பட்டி பள்ளத்தைப் பார்த்து ஓட்டுப் போட்ட கதை

வெள்ளெலிப்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது பொய். மூளை நிறையவே இருக்கிறது. செலவழிக்க மனசு வராமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் அந்த ஊரில் பெண் எடுத்தவன். இதை எழுதும்போது என் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் ஒன்றையும் கூட்டிச் சொல்லமாட்டேன்.

அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவராகப் பழனியாண்டி மூன்று முறை ஜெயித்தார். ஜெயித்தது அவர் என்று சொல்வதைவிட அவருடைய மீசை என்று சொல்வதே சரி. விளக்கெண்ணெய் தடவி, இரண்டு நுனியையும் காதை நோக்கித் தூக்கிவிட்டிருப்பார். இப்படி ஒரு மீசையைத் தோற்கடித்தால் ஊருக்குத்தான் அவமானம் என்பது வாக்காளர்களின் முடிவு. பதினைந்து வருஷத்தில் அவர் செய்த ஒரே வேலை அந்த மீசையைப் பராமரித்ததுதான். அதில் மட்டும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஊருக்குள் வரும் ரோட்டில் ஒரு பள்ளம் இருந்தது. சாதாரணப் பள்ளம் இல்லை. உள்ளே இறங்கி நின்றால் தோள் வரைக்கும் வரும். ஒரு மழையில் ரோடு அரித்துக்கொண்டு போனது, பதினோரு வருஷமாக அப்படியே கிடந்தது. பஸ் வராது, டிராக்டர் வராது, பால் வண்டியும் வராது.

பால் வண்டி வராததுதான் மருதாயியின் கவலை. அவளுக்கு மூன்று எருமைகள். அந்தப் பாலில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. தினமும் காலையில் பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, நிற்கிற வண்டியில் ஊற்ற வேண்டும். ஏறுவதற்குள் கால் கேன் பால் அவள் தலை வழியாக இறங்கிவிடும். இந்தக் கூத்தில் பால் சொசைட்டிக்காரர் ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார். ஊருக்குள் வண்டி போக வழி இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து இந்தப் பக்கமே வண்டி வராது. வண்டி நின்றால் எருமைகளை விற்பதைத் தவிர மருதாயிக்கு வேறு வழி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. தையல்கடை ரெங்கநாயகி நின்றார். பார்ப்பதற்கு ரொம்பச் சாதாரணமானவர். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தால் அவர் வீட்டுக்காரரே அடையாளம் சொல்லத் திணறுவார். ஆனால் ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தார். ஜெயித்த மறுநாள் பள்ளத்தை மூடுவேன் என்றார்.

மருதாயிக்கு உயிர் வந்தது. மீசையை நினைத்தபோது அந்த உயிர் பாதி போனது. ஊரிலேயே புத்தியைச் செலவழிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள்.

"இந்த ஒரு தடவை ஆளைப் பார்க்காதீங்க சாமி. பிரச்சினையைப் பார்த்து ஓட்டுப் போடுங்க. அந்தப் பள்ளத்தைப் பார்த்து ஓட்டுப் போடுங்க."

ஊர் அதை வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்துகொண்டது. அங்கேதான் சனி பிடித்தது.

அன்று சாயங்காலமே டீக்கடையில் கூட்டம் கூடியது. நடுவில் குப்பாண்டி. ஊரில் யோசிக்கிறவர் என்று பெயர் எடுத்தவர் அவர். பேசுவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வார். சில சமயம் அப்படியே தூங்கிவிடுவதும் உண்டு. சந்தேகம் கேட்பது அவருடைய அக்கா மகன் சடையப்பனின் வேலை.

"ஆளைப் பார்க்கக்கூடாதுன்னா எப்படி மாமா? அவங்கதான் நேரா வந்து முன்னாடி நிக்கிறாங்களே."

"நாம திரும்பிக்கணும்."

"அவங்களும் சுத்தி வந்து நின்னா?"

குப்பாண்டி கண்ணை மூடித் திறந்தார். "சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கோ. சுவத்துக்குள்ள அவங்களால வர முடியாது."

மறுநாள் பழனியாண்டி மேளதாளத்தோடு ஓட்டுக் கேட்க வந்தார். மீசையில் இரட்டைப் பங்கு எண்ணெய். தெருவில் இருந்த அத்தனை பேரும் சட்டென்று திரும்பி, சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஏதோ துக்கம் விழுந்துவிட்டது என்று நினைத்த மேளக்காரர் அடியை மாற்றி வாசித்தார். பழனியாண்டி ஒவ்வொரு முதுகையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனார். வீட்டுக்குத் திரும்பினால் அவருடைய மனைவியும் அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டுதான் சோறு போட்டாள். சோறு இலையில் விழவில்லை.

மதியம் ரெங்கநாயகி வந்தார். அவருக்கும் அதே மரியாதை. வெள்ளெலிப்பட்டியார் ஓரவஞ்சனை செய்யாதவர்கள்.

சுவர் கிடைக்காத இடத்தில் இருந்தவர்கள் துண்டை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொண்டே நடந்ததில் ஏழு பேர் பள்ளத்தில் விழுந்தார்கள். ஏழாவதாக விழுந்தவர் கீழே இருந்த ஆறு பேரையும் பார்க்காமல் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஆள் யாரும் இல்லையே என்று ஒரு தடவை கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து, பிரச்சினையைப் பார்க்க வேண்டும். ஊரே பாயை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தது. காலையில் பார்த்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு தவளை எட்டிப் பார்த்தபோது மட்டும், அதுவும் ஒரு ஆளாக இருக்கலாம் என்ற பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மருதாயிக்குச் சிரிப்பு வந்தது. எப்படியோ, மீசையை மறந்தார்களே என்று நிம்மதியாகவும் இருந்தது. ஓட்டுப் போட இன்னும் நான்கு நாள்தான். அந்த நான்கு நாளில் இவர்கள் பெரிதாக என்ன கெடுத்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தாள். புத்திசாலிகள் இப்படித்தான் தப்புக் கணக்குப் போடுவார்கள்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தைய நாளுக்கு முந்தைய நாள் சடையப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மாமா, பள்ளத்தைப் பார்த்து ஓட்டுப் போடணும். ஓட்டு எங்க போடறோம்?"

"பள்ளிக்கூடத்துல."

"பள்ளம் எங்க இருக்கு?"

குப்பாண்டியின் முகம் வெளுத்தது. பள்ளம் ஊர் வாசலில். பள்ளிக்கூடம் இருநூறு அடி உள்ளே. பள்ளத்தைப் பார்த்தால் ஓட்டுப் போட முடியாது, ஓட்டுப் போட்டால் பள்ளத்தைப் பார்க்க முடியாது. ஊர் கலங்கிப்போனது. இரண்டு பெரியவர்கள் அழுதேவிட்டார்கள். என் மாமனார் அவர்களில் ஒருவர் இல்லை என்று எழுதச் சொல்கிறாள் என் மனைவி.

பள்ளத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதென்று முதலில் முடிவானது. மாட்டு வண்டியைப் பூட்டி வந்தார்கள். கனமாக இருக்குமோ என்று யாரோ தயங்கியபோது, உள்ளே ஒன்றுமே இல்லாததற்குக் கனம் எங்கிருந்து வரும் என்று குப்பாண்டி அடக்கினார். நான்கு பேர் இறங்கி ஆளுக்கொரு மூலையில் தோள் கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று என்று எழுந்தார்கள். எழுந்தது அவர்கள் மட்டும்தான்.

"பிடிமானம் இல்ல மாமா," என்றான் சடையப்பன்.

குப்பாண்டி கண்ணை மூடினார். இந்த முறை வெகுநேரம் மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பாதிப் பேர் பாயைச் சுருட்டும்போது கண்ணைத் திறந்தார்.

"பள்ளம் வராது. ஆனா நீளும்."

இவ்வளவு பெரிய யோசனை அந்த ஊரில் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. வீட்டுக்கு ஒரு மண்வெட்டி வந்தது. இரண்டு நாள் ஊரே தோண்டியது. பள்ளம் ரோட்டோடு நடந்து, டீக்கடையைத் தாண்டி, மருதாயியின் வாசலைத் தொட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பியது.

பால் கேனோடு வெளியே வந்த மருதாயி, தன் வாசற்படிக்கு நேர் கீழே சடையப்பனின் உச்சந்தலையைப் பார்த்தாள். கேன் கையிலிருந்து நழுவியது. பால் முழுக்க அவன் தலையில்.

"அண்ணே, இதை மூடறதுக்குத்தானே ஓட்டுப் போடச் சொன்னேன். இப்படித் தோண்டிக்கிட்டு இருக்கீங்களே."

பள்ளத்து ஓரத்தில் நின்ற குப்பாண்டி கனிவோடு சொன்னார்: "தங்கச்சி, நீ சின்னதாப் பார்க்கச் சொன்ன. நாங்க பெருசாவே பார்க்கிறோம்."

அவளுக்கு வந்த கோபத்தில் மண்வெட்டியைப் பிடுங்கி நான்கு பேரைச் சாத்தலாம் போல இருந்தது. ஆனால் இவர்கள் கோபித்துக்கொண்டு திரும்பவும் மீசையைப் பார்க்கக் கிளம்பிவிட்டால்? மாதம் முடிய எட்டே நாள்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் எருமைகளோடு பேசிக்கொண்டிருந்தாள்.

ஓட்டுப்பதிவு அன்று காலை தேர்தல் அதிகாரி பள்ளத்துக்குள்ளேயே நடந்துதான் ஊருக்குள் வந்தார். பள்ளம் வகுப்பறை ஜன்னலுக்கு நேராக வந்து முடிந்திருந்தது. வெள்ளெலிப்பட்டியார் அளவெடுத்துத் தோண்டியிருந்தார்கள்.

ஒவ்வொருவரும் வந்தார்கள், ஓட்டுச்சீட்டை வாங்கிச் சின்னத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டார்கள், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பள்ளத்தை நன்றாகப் பார்த்தார்கள், கையைப் பின்னால் விட்டு விரல் இருந்த இடத்தில் முத்திரை குத்தினார்கள். பத்துப் பேர் இப்படிச் செய்ததும் அதிகாரிக்குச் சந்தேகம் தட்டியது. பள்ளத்துக்குள் யாரோ உட்கார்ந்து சைகை காட்டுகிறார்கள் என்று நினைத்து, அவரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாக எட்டிவிட்டார்.

சுளுக்கிய காலோடு கீழேயிருந்து கையைக் கொடுங்கய்யா என்று அவர் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. ஆனால் அவர் ஒரு ஆள். வரிசையில் நின்றவர்கள் பொறுப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து மருதாயி ஓட்டுப் போட வந்தபோதுதான் அவருக்கு ஒரு ஏணி கிடைத்தது.

எண்ணிப் பார்த்தபோது நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டும் ரெங்கநாயகிக்கே விழுந்திருந்தது. பழனியாண்டிக்கு ஒன்றுகூட இல்லை. அவரும் ஊரோடு சேர்ந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாராம். பள்ளம் நிஜமாகவே மோசமாக இருந்ததால் மனசாட்சிப்படி குத்திவிட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

ரெங்கநாயகி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாளே டிராக்டர் வந்தது. தோண்டிய மண் ஓரத்திலேயே குவிந்து கிடந்ததால் வேலை சுலபமாகிவிட்டது. ஊர் வாசலில் ஆரம்பித்துப் பள்ளிக்கூடம் வரை மண் தள்ளி, தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி, மூன்றே நாளில் ரோடு சமமாகிவிட்டது.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது பால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு மருதாயியின் வாசலுக்கே வந்து நின்றது. அவள் கேனைத் தூக்கி வண்டியில் வைத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் தலை காய்ந்திருந்தது. சந்தோஷத்தில் அங்கேயே நின்று அழுதாள். எனக்கே அந்த இடத்தைச் சொல்லும்போது ஒரு மாதிரி ஆகிறது. சொசைட்டிக்காரரும் இனி தினமும் வண்டி வரும் என்று ஒத்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் ரெங்கநாயகி ஊரைக் கூட்டிப் பேசினார். தையல்காரர் என்பதால் அளவாகத்தான் பேசுவார். அன்று சந்தோஷத்தில் ஒரு வாக்கியம் அதிகமாகப் பேசிவிட்டார்.

"சொன்னபடி பள்ளத்தை இல்லாம பண்ணிட்டேன். என் வார்த்தையை நம்ப வேணாம். நீங்களே நல்லா ஆராய்ஞ்சு பார்த்துக்கோங்க."

மறுநாள் பொழுது விடிந்து பால் வண்டி ஹாரன் கேட்டது. ஹாரன் ஊர் வாசலிலேயே நின்றுவிட்டது. மருதாயி கேனை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஊர் வாசலில் மண்வெட்டிகளோடு அத்தனை பேரும் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள். நடுவில், பழைய இடத்தில், பழைய ஆழத்தில், பள்ளம். அந்தப் பக்கம் வண்டிக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏமாத்திட்டாங்க தங்கச்சி," என்றார் குப்பாண்டி. "இல்லாம பண்ணிட்டேன்னு சொன்னாங்கல்ல? ஆராய்ஞ்சு பார்த்தோம். மேல இருக்கிற மண்ணை எடுத்துட்டுப் பார்த்தா, பள்ளம் அப்படியே உள்ள இருக்கு."

மருதாயி கேனைக் கீழே வைத்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். பள்ளத்துக்குள் நின்றிருந்த சடையப்பனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எட்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்தான்.

"விடுக்கா, அழாத. நல்லவேளை தோண்டிப் பார்த்தோம். பார்க்காம விட்டிருந்தா, தெரியாம நீ இதுமேலயே தினமும் நடந்து போயிருப்ப."