அளவு ஜாக்கெட்

கதையின் முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். அதுவரை கொஞ்சம் பொறுமையாக இருங்கள். நடுவில் யாருக்காவது குமட்டினால் என்னைத் திட்ட வேண்டாம். முதன்முதலில் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கிருபாபுரத்துச் சபையில் அந்த வருஷக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு மாதர் சங்கம் ஒரு போட்டி வைத்தது. அவரவர் உடுப்பை அவரவரே தைத்துப் போட்டுக்கொண்டு வர வேண்டும். யாருடைய தையல் நன்றாக இருக்கிறதோ, ஜனவரியில் சபை மண்டபத்தில் தொடங்கப்போகும் தையல் வகுப்புக்கு அவர்தான் டீச்சர். மண்டபத்தின் பின்னறையிலேயே குடியிருந்துகொள்ளலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் போதகரின் மனைவி. ஊரில் எல்லாரும் அவரை ஐயரம்மா என்பார்கள். தையல் நன்றாகத் தெரிந்தவர்.

அந்த அறை வேறு யாருக்கு வேண்டுமோ வேண்டாமோ, எமிலிக்குக் கட்டாயம் வேண்டும். கல்யாணமாகாதவள். அண்ணன் வீட்டு வராந்தாவில் மெஷினைப் போட்டு ஊருக்கெல்லாம் தைத்துக்கொண்டிருந்தாள். மதினி வராந்தாவைக் கூட்டும்போதெல்லாம் மெஷினைத் தள்ளிப் போடச் சொல்வாள். கொஞ்ச நாளாக எமிலியும் எங்காவது தள்ளிப் போனால் நல்லது என்று ஜாடையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

போட்டியை அறிவித்த வாரமே பெரில் அவளைத் தேடி வந்தாள். சபைக் கமிட்டியில் பெரிய கையான சாம்ராஜின் மனைவி. விருந்துக்கு வழக்கமாகப் பிரியாணி அவர்கள் வீட்டு உபயம். வெள்ளைப் பட்டுத் துணியும் ஓர் அளவு ஜாக்கெட்டும் கொண்டுவந்திருந்தாள். தனக்கு ஊசியில் நூல்கூடக் கோக்கத் தெரியாது, எல்லாரும் சொந்தத் தையலில் வரும்போது தான் மட்டும் கடைத் தையலில் வந்து நின்றால் அசிங்கம் என்று அழாத குறையாகச் சொன்னாள்.

"போட்டிக்கெல்லாம் நான் வரல எமிலி. சும்மா போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்திருப்பேன். நீ தச்சதுன்னு மட்டும் யார்ட்டயும் வாயத் தொறந்துராத."

அதோடு விட்டாளா? எமிலியின் கையை வேதாகமத்தின் மேல் வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்கும் வாங்கிக்கொண்டாள். தங்கள் பித்தலாட்டத்துக்கு வேதத்தைக் காவல் வைக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அளவு ஜாக்கெட்டைப் பார்த்ததும் எமிலிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பெரில் ஒல்லியாக இருந்த காலத்து ஜாக்கெட் அது. இப்போதைய உடம்பு அதில் லேசில் அடங்காது. உண்மையான அளவைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. எமிலி அதைச் சொல்லிக்காட்டவில்லை. விலாவில் துணியைத் தாராளமாக உள்ளே விட்டு இரண்டு வரிசையாகத் தைத்து வைத்தாள். இறுக்கமான வரிசையைப் பிரித்துவிட்டால் ஜாக்கெட் தளர்ந்துகொடுக்கும். பஃப் கை, முதுகில் முத்துப் பொத்தான் என்று அந்த வேலை இழுத்துக்கொண்டே போனது. தனக்கென்று தைக்க நேரமில்லாமல் ஒரு சாதாரண காட்டன் ஜாக்கெட்டைத்தான் அவசரமாகத் தைத்துக்கொண்டாள்.

விருந்தன்று பெரில் நேராகப் போட்டி வரிசையில் போய் நின்றாள். நானே தைத்தது என்று கூசாமல் சொன்னாள். எமிலி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பெண்கள் சுற்றி நின்று பஃப் கையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

பிரியாணி பரிமாறினார்கள். வீட்டுப் பிரியாணியாயிற்றே என்று பெரில் ஒரு பிடி பிடித்தாள். எழுந்திருக்கும்போது மூச்சு முட்டியது. பொத்தான்கள் தெறிக்கப் பார்த்தன. வேர்த்து வழியப் பக்கத்து அறைக்கு ஓடினாள். ஐயரம்மா தண்ணீரோடு பின்னால் போனார். எமிலியும் போனாள்.

"யாராவது கத்திரி எடுங்க. விலாவுல வெட்டி விட்டுருங்க" என்று பெரில் திணறினாள்.

எமிலி கத்திரியைத் தேடவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கி உள்பக்கம் திருப்பினாள். விலாவில் ஒரு தையலை ஊக்கால் நெம்பி நூலை உருவினாள். மறுபக்கமும் அப்படியே. எங்கே இருக்கிறது என்று தடவிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பப் போட்டபோது ஜாக்கெட் பெரிலுக்குப் பாந்தமாக உட்கார்ந்தது.

ஐயரம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத யாரு தச்சது எமிலி?"

"பெரில் அக்காட்டயே கேளுங்கம்மா."

பெரில் சுவரைப் பார்த்தபடி, நான்தான் என்றாள். ஐயரம்மா எமிலியைப் பார்த்தார். எமிலி வாய் திறக்கவில்லை. இல்லை என்று ஒருத்தரும் சொல்லாதபோது தான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஐயரம்மா வெளியே போனார். பெரில்தான் டீச்சர் என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எமிலியின் உள்ளங்கையில் உருவிய வெள்ளை நூல் சுருண்டு கிடந்தது.

இனி என் கேள்வி. பெரில் தான் சொன்ன பேச்சை மீறிப் போட்டியில் நின்று பொய் சொன்னாள். எமிலி வாயால் சொல்லாததைத் தையலைப் பிரித்துக் காட்டிவிட்டாள். ஐயரம்மா, மறுத்துச் சொல்ல ஆளில்லை என்று தீர்ப்புக் கொடுத்தார். இந்த மூவரில் யார் செய்தது சரி? யார் செய்தது அதிகமாகக் குமட்டுகிறது?

விடை: எமிலி செய்ததுதான் சரி. மூச்சு முட்டியவளுக்காகத் தையலைப் பிரித்தாளே தவிர, காட்டிக்கொடுக்க அல்ல. ரகசியமாகத் தைத்துத் தர ஒப்புக்கொண்டதில் அவள் மேலும் குறை உண்டு. அதற்கு அந்த அறையையே இழந்துவிட்டாள். பெரில் பொய்க்காரி, சரி. சொந்தமாகத் தைத்தவள் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காமல் இருப்பாளா, பிரிக்க முடிந்த ஜாக்கெட்டை வெட்டச் சொல்வாளா? ஐயரம்மாவுக்கு இது தெரியாததல்ல. எமிலி சொன்ன பதிலிலேயே, அவள் ஏதோ வாக்குக் கொடுத்திருக்கிறாள், அதை மீற மாட்டாள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேர்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தின்ற பிரியாணிக்கு நன்றி செலுத்தினார். எனக்குக் குமட்டுவது அதுதான். அவருக்கு நிஜமாகவே தெரியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இதையும் கேளுங்கள். ஈஸ்டர் வந்தபோது ஐயரம்மா தன் பட்டுத் துணியையும் அளவு ஜாக்கெட்டையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு சபை மண்டபத்துக்குப் போகவில்லை. எமிலியின் அண்ணன் வீட்டு வராந்தாவுக்குத்தான் வந்தார். எமிலி அந்தப் பையைப் பிரிக்கவே இல்லை.

"டீச்சர் பெரில் அக்காதானம்மா. அங்கயே குடுங்க" என்றாள்.