மடத்துப் பாத்தி

வாய்க்கால் கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. மதியம் யார் வந்தாலும் அங்கே ஒரு வேளைச் சோறு உண்டு. மடத்தின் தலைவர் மருதாசல அடிகளுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் அம்பலவாணனோ பேரன் பேத்தி எடுத்தவர். ஞானம் வயதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதனால் பெரியவர் சின்னவரைச் 'சாமி' என்றார். சின்னவர் பெரியவரை 'ஐயா' என்றார்.

அம்பலவாணன் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். இரும்பு வார்ப்பில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் தூக்கி ஒதுக்கி வைத்தே தலை நரைத்தவர். மடத்துக்கு வந்த கையோடு, "எனக்கு ஏதாச்சும் வேலை குடுங்க சாமி" என்று கேட்டார்.

"காய் வாங்கறதைப் பாத்துக்குங்க ஐயா" என்றார் அடிகள்.

மடத்துக்குக் காய் கொண்டுவருபவர் காளியப்பன். வாய்க்காலுக்கு அக்கரையில் கொஞ்சம் தோட்டம், அதில் கத்தரி. சாணி எருவும் சாம்பலும் தவிர அந்த மண்ணில் வேறெதுவும் விழுந்ததில்லை. விடிந்ததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார். நேராக அடுப்படிக்குப் போய்க் கொட்டிவிட்டுத் திரும்புவார். அதுவரை அவருடைய கூடையை யாரும் கிளறிப் பார்த்ததில்லை.

அம்பலவாணன் முதல் நாளே கூடையை வாசலில் இறக்கச் சொன்னார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் மாதிரி ஒவ்வொரு காயையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். ஓட்டை இருந்தால் இடப்பக்கம், இல்லாவிட்டால் வலப்பக்கம். இடப்பக்கம்தான் குவிந்தது.

"என்னுங்க இது, பாதிக்கு மேல புழு?"

"நல்ல காய்ங்க. ஓட்டை இருக்கற எடத்தை மட்டும் அரிஞ்சு போட்டாப் போச்சு. இத்தன நாளா அப்படித்தானுங்களே?"

"சாமிக்குப் படைக்கிற சோறு. புழு தின்ன மிச்சத்தையா படைக்கிறது?"

காளியப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒதுக்கிய காய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு போனார். மறுநாளும் அதே மாதிரி ஒதுக்கல். அடுத்த நாளும் அதேதான்.

சில வாரங்கள் போயின. ஒரு காலையில் வந்த கூடையைப் பார்த்து மடமே அசந்துவிட்டது. ஒரு காயில்கூட ஓட்டை இல்லை. எல்லாம் மினுமினுவென்று இருந்தன.

"எப்படிங்க?" என்றார் அம்பலவாணன்.

"கொஞ்சம் கவனிச்சுக்கிட்டனுங்க" என்று காளியப்பன் சிரித்தார். பாராட்டு கிடைத்த சந்தோஷத்தில் படியிறங்கும்போது கூடையை வீசிக்கொண்டே போனார்.

அன்று எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. அடிகள் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்பலவாணனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு ஒரு நாள் காளியப்பன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஆள் மூலம் சொல்லியும் அனுப்பவில்லை. அம்பலவாணன் டவுன் மண்டிக்குப் போய் ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். எங்கோ வெளிமாநிலத்தில் விளைந்து லாரியில் வரும் காய். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். கம்பெனிக்கே திரும்பிப் போனது போல அவருக்கு மனசு நிறைந்தது.

இப்படியே ஒரு மாதம் ஓடியது.

"சாமி, மண்டிக்காரரையே வெச்சுக்கலாமுங்க. இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு ஒரு பொறுப்பு இல்ல. வரலைன்னா ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"ஏன் வரலைன்னு நாம கேட்டமா?"

"நாம எதுக்குங்க கேக்கணும்?"

அடிகள் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். "வாங்க ஐயா. போய்க் கேட்டுட்டு வந்துரலாம்."

மதகைத் தாண்டினால் தோட்டம். இத்தனை பக்கத்தில் இருந்தும் அம்பலவாணன் அங்கே போவது அதுதான் முதல் தடவை. காளியப்பனின் மனைவி மாராத்தாள் வரப்பில் குந்திக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் பதறி எழுந்தார். உடுத்தியிருந்தது வெள்ளைச் சேலை. அதைப் பார்த்ததும் இருவருக்கும் புரிந்துவிட்டது.

"எப்பம்மா?" என்றார் அடிகள்.

"பதினாறாம் நாள் காரியமும் முடிஞ்சுபோச்சுங்க சாமி. தீட்டு வீட்டுக்காரங்க மடத்துப் படியேறக் கூடாதுன்னு சொல்லி விடலீங்க. அதுக்கப்புறம் கொண்டாரதுக்கு நல்ல காயும் இல்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"என்னாச்சும்மா?"

"பூச்சி மருந்தடிச்சாருங்க." மாராத்தாள் கைகாட்டினார். "அதோ, ஓரத்துல அந்த ரெண்டு பாத்தி. மடத்துப் பாத்தின்னு தனியா வெச்சிருந்தாரு. அதுக்கு மட்டுந்தானுங்க அடிச்சாரு. மொதல் தடவ ஒண்ணும் ஆகல. மறுக்கா அடிச்சன்னிக்கு நல்ல காத்து. பழக்கமில்லாத ஆளாச்சுங்களே, எதிர்காத்துல நின்னுட்டாரு. மூஞ்சிக்கு ஒரு துணிகூடக் கட்டல. ஊட்டுக்கு வந்து படுத்தவருக்கு நொரை தள்ளிருச்சுங்க. ஆஸ்பத்திரி போற வழியிலயே..."

மாராத்தாள் அழவில்லை. அம்பலவாணன் அந்த இரண்டு பாத்திகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எதுக்கும் மருந்தடிக்கறதில்லீங்க. சந்தைக்குக் கொண்டுபோனா ஆளாளுக்குத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வெச்சுட்டுப் போயிடறாங்க. செடியெல்லாம் பிடுங்கிப்போட்டுட்டுக் கூலிக்குப் போயிரலாம்னு இருக்கறனுங்க."

"பிடுங்காதீங்கம்மா. மடத்துக்கே குடுங்க" என்றார் அடிகள். பிறகு சீடரைப் பார்த்து, "நீங்களே பறிங்க ஐயா" என்றார்.

அம்பலவாணன் குனிந்து ஒரு காயைப் பறித்தார். அவர் நினைக்கவே இல்லை. கை தானாகவே அதை உள்ளங்கையில் வைத்து உருட்டியது. கட்டைவிரலுக்கு அடியில் ஓட்டை தட்டுப்பட்டது.

மாராத்தாள் ஓடிவந்தார்.

"ஐயோ, அது சொத்தைங்க! போட்டுருங்க. நான் ஓட்டையில்லாததாப் பாத்துப் பொறுக்கித் தாரனுங்க."

"பரவால்லம்மா. எல்லாத்தையும் போடுங்க" என்றார் அடிகள்.

"ஆகாதுங்க சாமி. சாமிக்குப் படைக்கிறதுன்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அவரு இருந்தா இதயெல்லாம் குடுக்க உடமாட்டாருங்க."

அம்பலவாணனின் கையிலிருந்த காயை மாராத்தாளே வாங்கிக் கீழே போட்டார். செடிசெடியாகத் தேடி மாராத்தாள் பறித்ததில் கூடை பாதிதான் நிறைந்தது.

கூடையை அம்பலவாணன் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். மதகு வரைக்கும்தான் நடக்க முடிந்தது. கூடையை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் தெரிஞ்சவங்க நீங்க. நான் கூடையைக் கிளறுன அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுசன் இருந்திருப்பாரே சாமி!"

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்ததில் குரல் உடைந்தது.

அடிகள் தலைகுனிந்தார்.

"காய் அழகா இருந்துச்சுங்க ஐயா. நானும் ரெண்டாந்தடவை கேட்டு வாங்கித் தின்னேன்."

அதற்குமேல் யாரைக் கோபித்துக்கொள்வது? அம்பலவாணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மதகுக்கு அடியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"இந்தப் பாவம் என்னைக்குத்தான் தீருமுங்க சாமி?"

அடிகள் கூடையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"தெனமும் போய் வாங்கிட்டு வாங்க. அந்தம்மா என்னைக்குப் பயமில்லாம ஒரு ஓட்டைக் காயை உங்க கையில வெக்கறாங்களோ, அன்னைக்கு வந்து கேளுங்க."