கூடையில் கிடந்த செருப்பு

மலையடிவாரத்து மடத்துக்கு நல்லசிவம் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது. அதுவரை பஸ்ஸில் கண்டக்டராக ஓடிய உடம்பு. மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு வேட்டியும் ஒரு திருநீற்றுப் பையுமாகக் கிளம்பி வந்துவிட்டார்.

மடத்தை நடத்திவந்த உமையாள் அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. நல்லசிவம் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. அவர் "அம்மா" என்று கூப்பிட்டால் பெற்றவளைக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும்.

வந்த அன்று அம்மை அவரிடம் அதிகம் பேசவில்லை. "எனக்கு, என்னுடையதுங்கிற பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பாருங்க ஐயா" என்றார். அவ்வளவுதான்.

நல்லசிவத்துக்கு எதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. அன்றைக்கே கைக்கடிகாரத்தைக் கழற்றித் தோட்டக்காரருக்குக் கொடுத்தார். மறுநாள் பித்தளைச் செம்பு போனது. அடுத்து எதை விடலாம் என்று தேடிக்கொண்டிருந்தவரின் கண்ணில் காலில் கிடந்த செருப்பு பட்டது.

மடத்து வாசலில் ஒரு மூங்கில் கூடை உண்டு. சாமி கும்பிட வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற செருப்புகளை அதில் போட்டு வைப்பார்கள். கூட்ட நெரிசலில் காலில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு போகிற புண்ணியவான்களால், அதில் ஜோடி என்று ஒன்றுகூடத் தேறாது. நல்லசிவம் தன் செருப்பை ஒரு பரதேசிக்குக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக் கூடைக்குள் கையை விட்டார். வலது காலுக்கு வந்தது, குதிகால் தடித்த, அவர் காலைவிடப் பெரிய தோல் செருப்பு. இடது காலுக்கு வந்தது, தரை தெரிகிற அளவுக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பு. இரண்டையும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அவருக்கு அப்படியொரு நிறைவு.

"இப்ப எனக்குன்னு ஒரு செருப்புகூடக் கிடையாது" என்று கேட்டவர்களிடம் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தபோது குதிகாலில் ஒரு குத்தல் ஆரம்பித்தது. பிறகு முட்டி. பிறகு இடுப்பு. காலையில் பாயை விட்டு எழுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. வாயு என்றார்கள். உருளைக்கிழங்கை விட்டார், மொச்சையை விட்டார். தைலம் வாங்கித் தேய்த்தார். அவர் வருவதற்கு முன்பே தைல வாசனை வந்துவிடும். வலி அசைந்து கொடுக்கவில்லை.

அதையும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பந்திதான் இடித்தது.

பந்தி பரிமாறுவது நல்லசிவத்துக்கு உயிர். பஸ் நெரிசலில் யாரையும் மிதிக்காமல் புகுந்து நடந்த பழக்கம் அங்கே கைகொடுத்தது. சாம்பார் வாளியோடு வரிசையில் இறங்கினால், முகத்தைப் பார்த்தே யாருக்கு இன்னொரு கரண்டி வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுவார். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இன்னும் உற்சாகம். வாழ்நாளெல்லாம் தேடிய வேலை இப்போதுதான் கிடைத்தது என்று மகளுக்கு போனில் சொல்லியிருந்தார்.

ஒருநாள் பந்தியில் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. வாளி சாய்ந்து, ரசம் ஒரு பிள்ளையின் மடிக்கருகே தெறித்தது. சமையலுக்குப் பொறுப்பான பூதலிங்கம் பந்தி முடிந்ததும் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீய. குருபூசைக்குக் கூட்டம் தாங்காது. நீங்க உக்காந்து காய் நறுக்குங்க. பந்திக்கு நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

"குருபூசை ஒரு நாளைக்கு மட்டுமா?"

பூதலிங்கம் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். நல்லசிவத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுச் சாவியை மகள் கையில் கொடுத்தபோதுகூட அவர் அழவில்லை.

சாயங்காலம் அம்மை குளக்கரை நந்தவனத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நல்லசிவம் போய் நின்றார்.

"அம்மா, வலி வந்தா பொறுத்துக்கிடணுமா, போக்கிக்கிடணுமா?"

"எங்கே வலி?"

"குதிகால்ல ஆரம்பிச்சுது. இப்ப இடுப்புல வந்து உக்காந்திருக்கு."

"என்ன செஞ்சீங்க?"

"செய்யாத வைத்தியம் இல்ல. பிறகு, உடம்புதானே, அது நாம இல்லையேன்னு விட்டுட்டேன். ஆனா பந்தி கைய விட்டுப் போயிரும்போல இருக்கு. அதத்தான் தாங்க முடியல."

அம்மை வாளியைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்.

"அந்தச் செருப்பைக் கழட்டுங்க."

நல்லசிவம் கழற்றினார். அந்த நிலையிலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கூடையில எடுத்தது அம்மா."

"தெரியும். எல்லாரும் சொல்லிட்டாங்க."

அம்மை தன் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு அந்த இரண்டையும் மாட்டிக்கொண்டார்.

"அம்மா, என்ன இது?"

"வாங்க, குளத்தை ஒரு சுற்றுச் சுத்திட்டு வருவோம்."

அம்மை முன்னால் நடந்தார். குளக்கரை மண் மெத்தென்று இருந்தது. நல்லசிவம் வெறுங்காலோடு பின்னால் போனார்.

வலது குதிகால் உயர்ந்தபோது அம்மையின் இடுப்பு அந்தப் பக்கம் ஏறியது. இடது காலை வைத்தபோது உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சரிந்தது. பெரிய செருப்பு நழுவாமல் இருக்க விரல்கள் அதை நண்டு மாதிரிக் கவ்விக்கொண்டிருந்தன. ஒவ்வொரு அடிக்கும் முட்டி உள்பக்கமாக மடங்கியது. நேராக நடக்கிற அம்மை, சுமை தூக்கிப் பழகாதவர் தலையில் மூட்டையை வைத்ததுபோல் நடந்தார்.

தன் நடையைப் பின்னால் நின்று பார்க்க யாருக்கு வாய்க்கும்? நல்லசிவத்துக்கு அன்று வாய்த்தது. அவர் அதை ரசிக்கவில்லை.

"போதும் அம்மா. கழட்டிருங்க."

"இன்னும் பாதி இருக்கே."

"கால் என்னத்துக்கு ஆகும்? கழட்டிருங்க அம்மா."

"இதைப் பத்திப் பெருமையாத்தானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க?"

அம்மை நடந்துகொண்டே இருந்தார். தென்கரைப் படிக்கட்டு வந்ததும் நல்லசிவத்தால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. முன்னால் ஓடி, இடுப்பு வலியை மறந்து, அம்மையின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அம்மை நின்றார். காலை உருவிக்கொண்டு படியில் அமர்ந்தார். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வார் உரசிச் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் நல்லசிவத்தின் கண் கலங்கியது.

"வலிக்குதா அம்மா?"

"வலிக்குது. முட்டியும் இழுக்குது. நான் அரைச் சுற்றுதான் வந்தேன். நீங்க மழைக்காலத்திலிருந்து நடக்கிறீங்க."

நல்லசிவம் செருப்பு இரண்டையும் திருப்பிப் பார்த்தார். ஒன்றன் அடி வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. இன்னொன்றில் தேய அடியே இல்லை. இத்தனை நாள் காலில் கிடந்ததை இப்போதுதான் பார்க்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அம்மை காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார்.

"நாளைக்கு டவுனுக்குப் போய் ஒரு ஜோடி வாங்கிக்கோங்க. சாயங்காலமா போங்க, நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போதுதான் அளவு சரியா தெரியும். விரலுக்கு இடம் இருக்கணும். குதிகாலைப் பிடிச்சு நிக்கணும். போட்டு நடந்து பார்த்துட்டு வாங்குங்க. குருபூசைக்கு இன்னும் நாள் இருக்கு, அதுக்குள்ள இடுப்பு வலி இறங்கிடும். பூதலிங்கத்துக்கிட்ட நான் சொல்றேன்."

"பந்திக்கு நான் வரலாமா அம்மா?"

"வராம? கூச்சப்படுறவங்களை வேற யாருக்குக் கண்டுபிடிக்கத் தெரியும்?"

நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது. எழுந்திருக்கப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"எனக்குன்னு ஒரு ஜோடியா அம்மா?"

"ஏன், அதிலென்ன?"

"விட்டத மறுபடி பிடிக்கிற மாதிரி இருக்கு."

மீன்குஞ்சுகள் அம்மையின் சிவந்த விரலைச் சுற்றி வந்தன.

"என் கால்ல இந்தச் செருப்பைப் பார்த்ததும் ஏன் அப்படிப் பதறுனீங்க?"

"வலிக்குமேன்னுதான்."

"உங்க கால்லயும் வலிச்சுதே. அப்ப ஏன் பதறலை?"

நல்லசிவத்துக்கு இது யோசிக்க வேண்டிய கேள்வியாகவே படவில்லை.

"அது என் காலாச்சே அம்மா."

அம்மை அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பந்தியில உங்க சொந்தக்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தா, நம்ம ஆளுதானேன்னு அவர் இலையை மட்டும் தாண்டிப் போயிடுவீங்களா ஐயா?"