பத்துக் காசுக்கு ஒரு கண்காணி

கோழி முட்டைக்குக்கூட வரி கட்டிய அந்தக் காலத்தில், வேம்பூர் நாட்டை உதயகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பக்கத்து நாட்டு ராஜாவின் சேவல் தன் சேவலுக்கு முன்னால் கூவிவிட்டது என்று ஒருநாள் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சேவலைப் பிடித்துவர எழுநூறு பேரை அனுப்பினான். சேவல் வந்து சேர்ந்தது. கூடவே அறுநூறு பேர் வந்தார்கள். மீதி நூறு பேர் வரவில்லை.

வராதவர்களில் ஒருவன் காத்தாயியின் புருஷன். கோட்டையின் கிழக்கு வாசலில் பணியாரக் கடை வைத்திருந்தவள் அவள். வீட்டில் மூன்று பிள்ளைகள், கண் தெரியாத மாமனார்.

சேவல் குழம்பு ருசியாக அமைந்ததாலோ என்னவோ, ராஜாவுக்கு மனசு இளகியது. திரும்பாதவன் வீட்டுக்கு மாதம் பத்து வெள்ளிக்காசு, அதையும் பெண்சாதி கையிலேயே கொடுங்கள் என்றான். பொக்கிஷ அதிகாரி பூபாலராயருக்கு அது பொறுக்கவில்லை. பொம்பிளை கையில் காசு போனால் பூவும் வளையலுமாகக் கரைந்துவிடும், வீட்டுக்கொரு கண்காணியைப் போட்டுச் செலவைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று ராஜாவின் காதைக் கடித்தார். கண்காணிக்குச் சோறு? காசு வாங்குகிற வீட்டிலேயே போட்டுக்கொள்ளட்டும் என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டான்.

காத்தாயிக்கு வாய்த்த கண்காணி தாண்டவன். வயிறு முன்னால் வரும், அவன் கொஞ்சம் பொறுத்து வருவான். பதம் பார்க்க வேண்டும் என்று முதல் ஈடு பணியாரத்தைத் தின்பான். கருகியதா என்று பார்க்க இரண்டாம் ஈடு. மிச்சத்தைத்தான் விற்கலாம். ஒருநாள் அவள் வெல்லம் வாங்கப் போனபோது கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தான்.

"வெல்லம் ஆடம்பரம், காத்தாயி. ராஜா காசில் ஆடம்பரம் கூடாது."

"இனிப்புப் பணியாரத்துக்கு வெல்லம் போடாமல் வேறென்ன போடுவது ஐயா?"

"அது உன் பாடு. என் ஏட்டில் வெல்லம் ஏறாது."

வெல்லம் இல்லாத இனிப்புப் பணியாரத்தை யார் வாங்குவார்கள்? ஆறு மாதத்தில் கடை படுத்துவிட்டது. பத்துக் காசும் தாண்டவன் வயிற்றுக்கே போயிற்று. ஒரு பண்ணையார் வீட்டு ஆள் வந்து, மூத்தவள் சின்னப்பொன்னைச் சாணி அள்ள அனுப்பினால் ஒரு வேளைச் சோறு போடுவதாகச் சொன்னான். அமாவாசைக்கு வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. அன்றைக்குக் காத்தாயி சாப்பிடவில்லை. சாப்பிட ஒன்றும் இல்லை என்பதும் உண்மைதான்.

அமாவாசைக்கு ஐந்து நாள் இருக்கும்போது நன்றி சொல்லும் நாள் வந்தது. காசு வாங்குகிற நூறு பெண்களும் சபையில் நின்று ராஜாவைக் கும்பிட வேண்டும் என்பது உத்தரவு. எல்லாரும் நலந்தானே என்று ராஜா கேட்டான். காத்தாயி முன்னால் வந்தாள்.

"நலம் மகாராஜா. கண்காணி ஏற்பாடு மாதிரி உண்டா? ஒரே குறைதான். இவ்வளவு நல்லது எங்களோடு நின்றுபோயிற்று. ராயரும் உங்கள் காசுதானே வாங்குகிறார்? மாதம் ஆயிரம் என்கிறார்கள். பத்துக் காசுக்கே ஒரு கண்காணி என்றால் ஆயிரத்துக்கு நூறு பேராவது வேண்டாமா?"

சபை வாயைப் பொத்திக்கொண்டது. ராஜாவுக்கு ஆறு மாதமாக வேறு வேடிக்கை கிடைத்திருக்கவில்லை. "சொல்வது சரிதான். நூறு கண்காணிக்கு எங்கே போவது?" என்றான்.

"நாங்கள் நூறு பேர் சும்மாதானே இருக்கிறோம், மகாராஜா. வேலையையும் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொண்டோம்."

அன்று மத்தியானமே நூறு பெண்களும் பிள்ளைகுட்டிகளோடு ராயர் வீட்டுக்குள் நுழைந்தார்கள். முதல் பந்தியில் பதம் பார்த்தார்கள், இரண்டாம் பந்தியில் கருகல் பார்த்தார்கள். குழம்பு ஒன்று போதாதா, ரசம் எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். மீசைக்கு ஜவ்வாது எந்தக் கணக்கில் சேரும் என்று இன்னொருத்தி கேட்டாள். ராயரின் பல்லக்கு ஆடம்பரம் என்று காத்தாயி சொன்னதால், அவர் அரண்மனைக்கு வெயிலில் நடந்தார். மூன்றாம் நாள் அவர் வீட்டு நெல்குதிருக்குள் கூப்பிட்டால் எதிரொலி கேட்டதாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

காத்தாயியின் கடைக்குட்டி மூன்று நாளும் வயிறு நிறையத் தின்றுவிட்டு, இனிமேல் தினமும் கண்காணிக்க வருவோமா அம்மா என்று கேட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலாம் நாள் ராயர் சபையில் வந்து விழுந்தார். "மகாராஜா, என் காசை எப்படிச் செலவு செய்வது என்று எனக்குத் தெரியாதா?"

ராஜா காத்தாயியைப் பார்த்தான். சபையில் முதலில் சிரித்தவன் ராஜாதான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ராயர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்காணிகள் எல்லாரும் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவாயிற்று.

"கெட்டிக்காரிதான் நீ. வேறென்ன வேண்டும், கேள்" என்றான் ராஜா.

"உங்களால் கொடுக்க முடிந்ததைத்தானே நான் கேட்க வேண்டும், மகாராஜா? பத்துக் காசு போதும். கையில் கொடுங்கள். முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. ராஜாவுக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

அந்த மாதக் காசில் காத்தாயி முதலில் வெல்லம் வாங்கினாள். அப்புறம் அரிசி, உளுந்து, இன்னொரு பணியாரச் சட்டி. அமாவாசையன்று வந்த பண்ணையார் ஆளிடம் பெண் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டாள். பணியாரம் வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கிக்கொள் என்றாள். அவனும் வாங்கினான். மாமனாருக்கு இரண்டு வேளைக் கஞ்சி மூன்று வேளை ஆயிற்று.

ராஜா சும்மா இருப்பானா? தன் பெருமை ஊருக்குத் தெரிய வேண்டாமா? 'காசைக் கையில் கொடுத்த கருணைக் கடல்' என்று ஓர் ஆள் உயரக் கல்லில் வெட்டச் சொன்னான். நூறு வீட்டுக்கும் ஒரு வருஷம் கொடுக்கும் காசு அந்தக் கல்லுக்கு ஆயிற்று. வேலையை எடுத்து நடத்தியவர் பூபாலராயர். பாவம், மூன்று நாள் நஷ்டப்பட்டவர் அல்லவா?

கல்லைக் கொண்டுவந்து காத்தாயி கடைக்கு நேர் முன்னால் நட்டார்கள். தெருவில் போகிறவர்களுக்கு அடுப்பு மறைந்தது. வாடிக்கைக்காரர்கள் கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். காத்தாயி யாரிடமும் போய் முறையிடவில்லை. தினமும் காலையில் மாவுத் துணியைத் துவைத்து அந்தக் கல்மேல் காயப்போடுவாள். மத்தியானம் வரைக்கும் கருணைக் கடல் கண்ணில் படாது.