கரை ரோட்டு ஹாரன்

வேதவல்லி அம்மா இருந்த இடத்தை ஊர்க்காரர்கள் மடம் என்பார்கள். அவர் மட்டும் மில் என்பார். ஓட்டம் நின்றுபோன அரிசி மில்தான் அது. யாராவது ஒரு கேள்வியோடு வருவார்கள், நாலு நாள் தங்குவார்கள், போய்விடுவார்கள். பதில் கிடைத்ததா என்று யாரும் வெளியே சொன்னதில்லை.

பக்கிரிசாமி ஆறு வருஷமாக அங்கே வந்துபோகிறவர். வேன் டிரைவர். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். மார்கழிக் கடைசியில் முதுகுவலி என்று சொல்லிக்கொண்டு வந்தவர், மாசிக் கடைசியாகியும் கிளம்பவில்லை. களத்தைக் கூட்டினார். கிணற்றில் தண்ணீர் இறைத்தார். தினம் நாற்பது குடம் இறைக்கிற முதுகில் என்ன வலி என்று அம்மா கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் அவருக்கு போன் வந்தது. வேன் முதலாளி.

“பக்கிரி, நீங்க வர்றீங்களா, நான் வேற ஆளப் பாக்கவா? உங்களுக்குப் பதிலா போட்ட ஆளும் நின்னுட்டான். மூணு நாளா வண்டி ஷெட்டுல கெடக்குது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க.”

பக்கிரிசாமி போனை மடியில் செருகிக்கொண்டார். எழுந்து அம்மாவிடம் போனார். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“ரெண்டு மாசமா கேக்காம வச்சிருந்ததா?”

“அதுதான்.”

“உக்காருங்க டிரைவரே. கீரைய உருவிக்கிட்டே சொல்லுங்க.”

அவர் ஓட்டியது இறால் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன். காலை ஏழு மணிக்கு அங்கே கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அன்றைய வேலை போச்சு. போகிற வழியில் மூன்று கிலோமீட்டர் கரை ரோடு. இடது கைப் பக்கம் வாய்க்கால், வலது கைப் பக்கம் பள்ளத்தில் வயல். நடுவில் ஒரு வேன் அகலத்துக்குத் தார்.

கரை ரோட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாரம் கட்டிய சைக்கிள் முன்னால் போனால், பின்னால் வருகிற வண்டி ஊர்ந்துதான் வரவேண்டும். பால் கேனோ, மீன் கூடையோ, புல்லுக்கட்டோ, பாரத்தோடு ஒரு முறை இறங்கிவிட்டால் கேரியரைப் பிடிக்க ஆள் இல்லாமல் மறுபடி ஏற முடியாது. மதகடியில் ரோடு கொஞ்சம் அகலும். அங்கே சைக்கிள்காரர் ஓரம் கட்டிக் கையைக் காட்டுவார். வண்டிக்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போவார்.

பக்கிரிசாமியும் ஆரம்பத்தில் அப்படித்தான் போனார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆலமரத்து வளைவிலேயே ஹாரனில் கை வைத்து, எடுக்காமலே வந்தால் போதும். எல்லாரும் இறங்கிவிடுவார்கள். வாய்க்கால் சேற்றில் காலை ஊன்றி, சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஏழு நிமிஷம் மிச்சம். ஷெட்டில் மற்ற டிரைவர்களுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

“பதினோரு வருஷத்துல ஒரு சைக்கிள்மேலயும் என் வண்டி பட்டதில்லம்மா. ஒரு கீறல் கெடையாது.”

“ம்.”

“மார்கழி இருபத்தேழு. நல்ல பனி. வளைவுலேருந்து ஹாரன் அடிச்சிக்கிட்டு வர்றேன். முன்னால ஒரு ஆளு. ரெண்டு பக்கமும் கேனு. தலையில துண்டு. ஏறங்குற மாதிரி எடது பக்கம் சாஞ்சாரு. நான் தாண்டிட்டேன். இடிக்கலம்மா. சத்தமே இல்ல.”

அம்மா கீரைக்காம்பை ஒடித்துப் போட்டார்.

“தாண்டுனதும் கண்ணாடியில பாத்தேன். ஆளு இல்ல. சைக்கிளும் இல்ல. வெறும் ரோடு.”

“நிறுத்துனீங்களா?”

“மணி ஆறு அம்பது.”

அம்மா அடுத்த கொத்தை எடுத்தார்.

“எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது ஜன்னல் வழியாப் பாத்தேன். தண்ணி கரையத் தொட்டுப் போய்க்கிட்டிருந்தது. மறுநாள் அந்தப் பக்கத்துக் கண்ணாடிய மடக்கி வச்சிட்டு ஓட்டினேன். அதுக்கு மறுநாள் இங்க வந்துட்டேன்.”

“ஊர்ல விசாரிச்சீங்களா?”

“என்னன்னு விசாரிக்கிறது? தினம் பேப்பரு பாக்குறேன். காணாமப் போனவங்க யாரும் இல்ல.”

“அப்ப நிம்மதியா இருக்கலாமே.”

“இருக்க முடியலையே.” பக்கிரிசாமியின் கையில் கீரை கசங்கிப்போயிருந்தது. “அந்த ஆளு இருக்காரா, இல்லையா? அத மட்டும் நீங்க சொல்லிடுங்க. இருக்காருன்னா சாயங்காலமே வண்டி எடுக்கப் போறேன். இல்லன்னா நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். ரெண்டுல ஒண்ணு தெரியணும்.”

அம்மா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

“சைக்கிள எடுங்க.”

மில்லில் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. இரண்டு பால் கேன்களில் கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பி, கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கவிடச் சொன்னார். பக்கிரிசாமி ஏற முடியாமல் ஏறினார். அம்மாதான் கேரியரைப் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா இது, இந்தக் கனம் கனக்குது!”

“வெறும் தண்ணிதான். பாலுன்னா சிந்திடக் கூடாதுங்கிற கனமும் சேரும்.”

அவர்கள் கரை ரோட்டுக்கு வந்தபோது சரியான உச்சிப்பொழுது. அம்மா குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் பக்கிரிசாமி மிதித்தார். நடைக்கும் சைக்கிளுக்கும் ஒரே வேகம்.

தை முடிவிலேயே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். வாய்க்கால் வறண்டு கிடந்தது. கரையோரச் சேறு மேலே காய்ந்து, அப்பளம் அப்பளமாக வெடித்திருந்தது. வயலில் ஆளில்லை. ரோட்டிலும் ஆளில்லை. பக்கிரிசாமியின் நிழல் சக்கரத்துக்கு அடியில் சுருண்டு கிடந்தது. செயின் கிறீச்சிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆலமரத்து வளைவைத் தாண்டியதும் பின்னால் இன்னொரு சத்தம் வந்தது.

சப்.

பிறகு ஒன்றும் இல்லை.

சப்.

யாரோ நடந்து வருகிறார்கள். செருப்புப் போட்ட கால் ஒன்று, வெறுங்கால் ஒன்று. ஒரு எட்டுக்குச் சத்தம் இருந்தது, அடுத்த எட்டுக்கு இல்லை.

பக்கிரிசாமி மிதிப்பதை மெதுவாக்கினார். நடையும் மெதுவாகியது.

“கேக்குதா?” என்றார் அம்மா, திரும்பாமலே.

“கேக்குதும்மா.”

“எத்தனை பேரு?”

ஒருவர் என்றுதான் பக்கிரிசாமி நினைத்திருந்தார். இப்போது காதைக் கொடுத்துக் கேட்டார். அந்த ஒரு நடைக்கு உள்ளேயே இன்னொரு நடை இருந்தது, கால் தப்பி. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. ஒன்று சின்ன எட்டாக, ஓட்டமும் நடையுமாக. எண்ண எண்ணக் கலைந்தது. திருவிழா முடிந்து ஊர் திரும்புகிற கூட்டம் மாதிரி இருந்தது. யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

“அம்மா, நின்னுடலாமா?”

“பாரத்தோட நின்னா எப்படி ஏறுவீங்க? மிதிங்க.”

கேன் ஒரு பக்கம் இழுத்தது. ஹேண்டில்பாரை நேராக்கிக்கொண்டு தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். வெயில் தாரின்மேல் தண்ணீராக அலைந்தது. ஒரு ஈ காக்கை இல்லை.

முன்பக்கம் திரும்பியதும் பின்னால் ஹாரன் கேட்டது.

நீளமான ஹாரன். வளைவில் தொடங்கி, எடுக்காமல். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். கடைசியில் கொஞ்சம் கம்மி இழுபடும், அவரே இரண்டு தடவை மெக்கானிக்கிடம் சொல்லியும் சரியாகாத சத்தம்.

‘வண்டி ஷெட்டுலதானே இருக்கு? காலையிலதானே சொன்னாரு?’

ஹாரன் நெருங்கியது. காதுக்குள் வந்தது. தொடைக்குள் வந்தது. யோசிக்க நேரமில்லை. பதினோரு வருஷமாக மற்றவர்கள் செய்து அவர் பார்த்ததை இப்போது அவர் உடம்பு தானாகச் செய்தது. இடது பக்கம் சாய்ந்தார். இடது காலை இறக்கினார். காய்ந்திருந்த மேல்சேறு உடைந்தது. உள்ளே குளிர்ந்த களி முழங்கால் வரைக்கும் வாங்கியது.

வேன் தாண்டியது. காற்று அவரை ஓர் அறை அறைந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. இந்தப் பக்கத்துக் கண்ணாடி மடங்கியிருந்தது.

“நில்லுய்யா! டேய், நில்லு!”

வேன் நிற்கவில்லை. அந்தக் கதவுக்குள் தன் குரல் போகாது என்பது யாரைவிடவும் அவருக்குத் தெரியும்.

புழுதி அடங்கியது. கொஞ்ச தூரம் தள்ளி, குடையோடு வயல் பக்கம் ஒதுங்கியிருந்த அம்மா மறுபடி ரோட்டில் ஏறினார்.

“யாரும்மா ஓட்டுனது? பாத்தீங்களா?”

“எங்கேருந்து பாக்குறது? ஒதுங்குறவங்களுக்கு அவங்க காலடியப் பாக்கத்தான் நேரம் இருக்கு.”

பக்கிரிசாமி சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு ஏறப் பார்த்தார். கேன் பின்னால் இழுத்தது. மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை சைக்கிளே அவர்மேல் விழுந்தது. கேன் கவிழ்ந்து தண்ணீர் முழுக்கச் சேற்றில் ஓடியது. அவர் கரையில் உட்கார்ந்து காலை உருவினார். கால் வந்தது. செருப்பு வரவில்லை.

“செருப்பு போச்சும்மா.”

“தேடுங்க.”

தோள்பட்டை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். விரலில் வார் தட்டுப்பட்டது. இழுத்தார். நீல ரப்பர் செருப்பு, அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அவருடையது பழுப்புத் தோல் செருப்பு.

“இது என்னுது இல்ல.”

மறுபடி கையை விட்டார். பிளாஸ்டிக் பூ வைத்த பெண்பிள்ளைச் செருப்பு ஒன்று வந்தது. அடுத்து, டயர் வெட்டித் தைத்தது ஒன்று. அடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற வெள்ளை ஷூ, கயிறு கட்டியபடியே. ஒன்றை எடுத்தால் அதற்கு அடியில் இன்னொன்று விரலைத் தொட்டது. அவர் நிறுத்தப் பார்த்தார், கை நிற்கவில்லை. எடுத்து எடுத்துத் தார் ஓரத்தில் வைத்தார். பத்தொன்பது ஆயிற்று. அவருடைய செருப்பு மட்டும் கடைசி வரைக்கும் வரவில்லை.

வரிசையை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார்.

“அம்மா, எல்லாமே எடது காலு.”

“வேற எந்தக் கால வைக்க முடியும்?” அம்மா குடையை மடக்கினார். “வலது காலத்தான் ரோட்டுல வைக்கணும், சைக்கிள் விழாம இருக்க.”

பின்னால் அந்த நடை வந்து நின்றிருந்தது. இப்போது சத்தமில்லை. ஆனால் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. கேரியரைப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்று நிற்கிறவர்களின் பொறுமை அது. பக்கிரிசாமி திரும்பவில்லை. சேறு வழிகிற கையைக் கூப்பினார்.

“இதுல அந்த ஆளோடது எதும்மா? மார்கழி இருபத்தேழாம் தேதி சாஞ்ச ஆளு. அத மட்டும் காட்டுங்க. எடுத்துக்கிட்டு ஊர் ஊரா போறேன். வீட்டு வீட்டுக்கு விசாரிக்கிறேன். இருந்தா கால்ல விழுறேன். இல்லன்னா சொன்ன மாதிரி ஸ்டேஷனுக்குப் போறேன்.”

அம்மா வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தார். திரும்பி வந்தார்.

“உங்க ஹாரனுக்கு எறங்காத காலு எதுவோ, அத எடுத்துத் தள்ளி வைங்க டிரைவரே. மிச்சத்த எல்லாம் எடுத்துக்கிட்டுப் போய் விசாரிங்க.”

பக்கிரிசாமி குனிந்தார். முதல் செருப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். தள்ளி வைக்க எதன்மேலும் அவர் கை போகவில்லை.