பசி அடங்காத நெருப்புக் குழி

மலையடிவாரக் காட்டில் ஒரு சுனை இருந்தது. எல்லா விலங்குகளும் தண்ணீர் குடிக்க அங்கேதான் வந்தன. குடித்த இடத்திலேயே தின்றன, தின்ற இடத்திலேயே மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போயின. பழத்தோலும் எலும்பும் சாணமும் சருகும் கரையில் மேடு தட்டிக் கிடந்தன. நாற்றம் தாங்க முடியவில்லை.

அந்த ஐப்பசியில் பட்டமரம் ஒன்றில் இடி விழுந்து தீப்பிடித்தது. மழை அதை அணைப்பதற்குள் வரையன் என்ற உடும்பு ஒரு கொள்ளியைக் கவ்விக்கொண்டு ஓடி, பாறைக்கு அடியில் இருந்த குழியில் போட்டான். வரையனுக்குக் குளிர் ஆகாது. குளிர்ந்தால் அவன் உடம்பு மரக்கட்டையாகிவிடும். அன்று குழியோரம் படுத்தவனுக்கு ஒரு யோசனை உதித்தது.

மறுநாளே காட்டைக் கூட்டினான். “உங்கள் குப்பையை எல்லாம் என் குழியில் போடுங்கள். நாற்றமும் போகும், குளிரும் போகும்” என்றான்.

கூட்டம் துள்ளிக் குதித்தது. காட்டின் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் கரடி கருப்பாயி அக்காவுக்கும் இது பிடித்துப்போனது. வரையன் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தான். தினமும் பொழுது சாயும்போது பன்றியின் முதுகு உயரத்துக்குக் குப்பை வந்துசேர வேண்டும். குறைந்தால், அவன் கை காட்டுவதைக் கொடுக்க வேண்டும். இவ்வளவு குப்பை இருக்கும்போது எங்கே குறையப்போகிறது என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

செம்பி என்ற காட்டுக்கோழியும் தலையாட்டினாள். முதல் சருகை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டவளே அவள்தான். நெருப்பின் கதகதப்பு இறகுக்குள் ஏறியபோது அவளுக்கு ஒரே கொண்டாட்டமாக இருந்தது.

கரையில் இருந்த மேடு சீக்கிரமே கரைந்தது. குழியின் பசி கரையவில்லை. குப்பை போதாமல் போனதும், குப்பையை உண்டாக்கத் தொடங்கினார்கள். குரங்குகள் அத்திப் பழத்தை ஒரு கடி கடித்துவிட்டு மீதியைக் குழிக்கு அனுப்பின. காய்களைக்கூட உலுக்கித் தள்ளின. மரத்தடிச் சருகு ஒன்று விடாமல் போனது. முன்பு செம்பி ஒரு கீறு கீறினால் மண்ணிலிருந்து கரையானும் புழுவும் கொட்டும். இப்போது காலையிலிருந்து கீறினாலும் தூசிதான் வந்தது. புகையில் மலையணிலின் குட்டிகள் இருமிக்கொண்டே இருந்தன. குழியிலிருந்து தள்ளிய சாம்பல் மழையில் வழிந்து சுனையில் கலக்க, மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன.

செம்பி இதை வரையனிடம் போய்ச் சொன்னாள். புகை இரண்டு நாளில் பழகிவிடும் என்று சொல்லி அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு சாயங்காலம் குப்பை பன்றியின் முழங்காலுக்குத்தான் வந்தது. வரையன் சுற்றுமுற்றும் பார்த்தான். காரைப்புதரின் அடியைக் கை காட்டினான். அங்கே காய்ந்த இலையில் செம்பி கூடு கட்டியிருந்தாள்.

“அது வெறும் சருகு. எடுத்துப் போடுங்கள்” என்றான்.

செம்பி பறந்து வந்து கூட்டின் மேல் சிறகை விரித்து உட்கார்ந்தாள். “அண்ணே, இதற்குள் என் முட்டைகள் இருக்கின்றன.”

“வாக்கு கொடுத்தாயா இல்லையா?”

கருப்பாயி தரையைப் பார்த்தாள். செம்பியின் புத்தி வேகமாக வேலை செய்தது.

“நாளை ஒரு நாள் எனக்குக் கொடுங்கள் அண்ணே. காட்டில் விழும் மிச்சம் எல்லாம் முதலில் என்னிடம் வரட்டும். பொழுது சாயும்போது, யாருக்கும் வேண்டாத குப்பை எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவும் உங்களுக்கு. அதோடு இந்தக் கூட்டையும் நானே கொண்டுவந்து போடுகிறேன். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் குழியை மூடிவிட வேண்டும்.”

வரையன் சிரித்தான். ஒரு கோழி என்ன செய்துவிடும் என்று நினைத்து, கரடியின் முன்னால் சம்மதம் சொன்னான்.

விடிந்ததும் செம்பி பறந்தாள், ஓடினாள், தொண்டை கட்டும்வரை கூவினாள். முள்ளம்பன்றியிடம் போய், கொறித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்ள எலும்பு வேண்டுமா என்று கேட்டாள். இத்தனை நாளாக எலும்பு கிடைக்காமல் தவித்த அவன் குடும்பத்தோடு வந்தான். பழத்தோல் என்றதும் காட்டுப்பன்றி புழுதி பறக்க ஓடி வந்தான். சாணவண்டுகள் கூட்டம் கூட்டமாக வந்து சாணத்தை உருட்டின. உதிர்ந்த மயிரையும் பஞ்சையும் குருவிகள் கூட்டுக்குக் கொண்டுபோயின. ஒரு கடி கடித்த பழத்தைக் கொண்டுவந்த குரங்கிடம் செம்பி, “மீதியை நீயே தின்னேன்” என்றாள். அது வெட்கப்பட்டுத் தின்றது.

ஈரச் சருகும், வண்டுகள் விட்டுப்போன சாணமும் மட்டும் மிஞ்சின. பொழுதோ இறங்கிக்கொண்டிருந்தது. செம்பி சட்டென்று அவற்றை ஒன்றாகக் குவித்து, மேலே மண்ணைக் கீறித் தள்ளினாள். மற்றவர்களும் ஓடி வந்து மண் தள்ளினார்கள்.

வரையன் வந்தான். “எங்கே என் குப்பை?”

“இல்லை அண்ணே.”

“அந்தக் குவியல் என்ன?”

“அது மண்ணின் சாப்பாடு. கரையான் வரும், புழு வரும். என் குஞ்சுகள் அதைத்தான் தின்னப்போகின்றன.”

வரையன் சீறிக்கொண்டு கூட்டை நோக்கிப் பாய்ந்தான். முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்து வழியை மறித்தான். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியின் பக்கத்தில் வந்து நின்றான். “இத்தனை நாளும் நீ எரித்தது என் சோற்றை” என்றான்.

கருப்பாயி எழுந்து நின்றாள். “கொடுப்பதற்குக் குப்பை இல்லை. செம்பி வென்றுவிட்டாள். குழியை மூடுங்கள்!” என்றாள். காடே ஆரவாரம் செய்தது. ஆளாளுக்கு மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்கள்.

குளிருக்கு என்ன செய்வது என்ற கவலை சிலருக்கு இருக்கத்தான் செய்தது. சில நாள் கழித்து, ஒரு பனிக்காலையில் செம்பி குவியலைக் கீறிப் பார்த்தாள். உள்ளிருந்து ஆவி பறந்தது. சருகும் சாணமும் மட்கும் சூட்டில் குவியல் கதகதவென்றிருந்தது. புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. அவள் கூவிய கூவலில் காடு முழுக்க ஓடி வந்து குவியலைச் சுற்றி உட்கார்ந்தது.

முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் ஓடத் தொடங்கிய பிறகு, வரையனும் வந்தான். உடம்பு விறைத்துப்போய், தள்ளி நின்றான். தனக்கும் ஓர் ஓரம் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டான்.

செம்பி குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள். “அந்தப் பக்கமாகப் படுத்துக்கொள்ளுங்கள் அண்ணே. இனி வரும்போது கொஞ்சம் சருகு கொண்டுவாருங்கள்” என்றாள்.

குப்பையைத் தின்று வாழும் நெருப்பு குப்பையை ஒழிக்காது, மேலும் மேலும் கேட்கும். ஒருவர் கழித்ததை வேண்டியவரிடம் சேர்த்தால் குப்பை என்ற ஒன்றே இருக்காது.