இங்குள்ள மாடு

"கையெழுத்துப் போட்டா ஒன்பது வருஷ விரதம் போகுது. போடாட்டி மாடு போகுது. என்ன செய்யட்டும், அம்மா?"

கேட்டவர் வேலப்பன். வயது அறுபத்தொன்று. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவர். என் நிலம், என் பங்கு, என் சுவர் என்று ஊரே வந்து கத்தியதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, மடத்தில் வந்து சேர்ந்தவர்.

அவர் கேட்டது சிவகாமி அம்மையாரிடம். அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அவருக்குக் குரு.

அந்த மடத்தில் ஒரே ஒரு விரதம்தான். 'என்' என்று யாரும் சொல்லக் கூடாது. என் துண்டு கிடையாது, இங்குள்ள துண்டு. தலைவலி வந்தால்கூட இங்குள்ள தலை வலிக்கிறது என்பார்கள். சிரிக்காதீர்கள். ஏழு சீடர்கள் இதை உயிராகக் காப்பாற்றி வந்தார்கள்.

மடத்தில் ஒரு பசுவும் இருந்தது. வேண்டுதலுக்காக யாரோ கன்றாகக் கொண்டுவந்து விட்டுப் போனது. இங்குள்ள கன்று. எல்லோரும் அதற்குப் பழத்தோல் கொடுத்தார்கள். போகிற வழியில் நெற்றியைத் தடவினார்கள்.

கன்று வளர்ந்தது. கழுத்தில் கிடந்த கயிறு அப்படியே இருந்தது.

ஒருவர்கூட அதைத் தளர்த்தவில்லை. கயிறு சதைக்குள் இறங்கி, சீழ் பிடித்து, புழுவும் வைத்துவிட்டது. நாற்றம் வந்தபோது பழத்தோல் அழுகுகிறது என்று நினைத்தார்களாம்.

கும்பிட வந்த ஒருவர் பார்த்துவிட்டுத் தகவல் கொடுத்தார். கால்நடை மருத்துவர் ஸ்டெல்லா வந்து கயிற்றை வெட்டி எடுத்தார். காலையிலிருந்து அது அவருக்கு நாலாவது ஊர்.

"அடிச்சவன்னு ஒருத்தன் இருந்தா பேரைக் கேட்டு கேஸ் எழுதிட்டுப் போயிடுவேன்," என்றார். "இங்க யாரும் ஒண்ணுமே செய்யல. அதான் குத்தம். யார் பேரை எழுதுறது?"

கையைக் கழுவிக்கொண்டே மேலே சொன்னார்.

"தண்ணி, தீனி, நிழல், சீக்கு வந்தா மருந்து. சட்டம் கேக்குறது இவ்வளவுதான். அதுக்கு ஒரு ஆள் வேணும். மடம்னு எழுதிக் குடுக்காதீங்க. மடத்துக்குக் கை கிடையாது."

ஒரு காகிதத்தை நீட்டி மூன்று நாள் கெடு வைத்தார். அதில் 'மாட்டின் சொந்தக்காரர்' என்ற இடத்தில் ஒருவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் மாட்டைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

"அங்க முந்நூறு மாடு நிக்குது. இந்தக் கழுத்தை ரெண்டு வேளையும் யாரு கழுவுவா? தாங்காது. இப்பவே சொல்லிடுறேன்."

பத்திரம் எழுதிப் பழகியவர் என்று எல்லோரும் கையில் கொடுத்துவிட்ட அந்தக் காகிதத்தோடுதான் வேலப்பன் குருவின் முன்னால் நின்றார்.

அம்மையார் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஒரே நாளில் பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார்.

"நானும் தினம் அந்த வழியாத்தான் நடந்தேன்," என்றார்.

பிறகு மருந்துப் பாட்டிலை எடுத்து வேலப்பன் கையில் வைத்தார்.

"ரெண்டு வேளை. மூணு நாள்."

"ஏழு பேரும் முறை போட்டுக்கிட்டா..."

"முறை வேண்டாம்."

"கையெழுத்து?"

"மருந்தைப் போடுங்க, ஐயா."

முதல் நாள் மாடு உதைத்தது. வேலப்பன் சாணியில் விழுந்தார். எழுந்து, ஒவ்வொரு புழுவாக எடுத்துப் போட்டார். அன்று அவரால் சாப்பிட முடியவில்லை.

இரண்டாம் நாள் ஒன்றைக் கண்டுபிடித்தார். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. மாடு அதன் பக்கத்தில் போய் நின்றது. குடிக்கவில்லை. கழுத்தைத் தாழ்த்த முடியவில்லை.

எத்தனை நாளாக இப்படி நின்றதோ.

வாளியில் மொண்டு அதன் வாய் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அது குடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றார். நாலு வாளி குடித்தது. அவருக்கு அழுகை வந்தது.

அந்தப் பக்கமாக வந்த ஒரு சீடர், "இங்குள்ள மாட்டுக்கு நல்ல சேவை," என்று அதன் நெற்றியைத் தடவிவிட்டுப் போனார். வேலப்பனுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஸ்டெல்லா வந்தார். வாசலில் வண்டி நின்றது.

"பேரு எழுதியாச்சா?"

காகிதம் காலியாக இருந்தது. வேலப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

மருத்துவர் பெருமூச்சு விட்டார். இது அவருக்குப் புதிதில்லை. "ஏத்துங்கப்பா," என்றார்.

வண்டிக்காரர் கயிற்றோடு வந்தார். அவருக்கு விவரம் தெரியாது. பழக்கத்தில் கயிற்றைக் கழுத்தில் மாட்டி இழுத்தார்.

மாடு அலறியது.

"கழுத்துல போடாதய்யா! என் மாடுய்யா அது!"

மடம் அப்படியே நின்றுவிட்டது. மற்ற ஆறு சீடர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் காதைக்கூடப் பொத்திக்கொண்டார்.

வேலப்பன் அதற்குள் கயிற்றைக் கழற்றி வீசியிருந்தார். பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஒன்பது வருஷம். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

ஸ்டெல்லா பேனாவைத் திறந்தார்.

"சொந்தக்காரர் பேரு?"

வேலப்பன் நிமிர்ந்து குருவைப் பார்த்தார்.

அம்மையார் வாளியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"சீக்கிரம் பேரைச் சொல்லுங்க, ஐயா. உங்க மாட்டுக்கு இன்னும் தண்ணி காட்டல."